"சாப்பாட்டுக்குப் பின்": யாருடைய சாப்பாட்டுக்கு?

போன ரமழான், பன்னிரண்டாம் நோன்பு. அஸர் தொழுதிட்டு வீட்டுக்கு வந்தா உம்மா குசினி வாசல்ல சாஞ்சு இருக்கிறா. கையெல்லாம் நடுக்கம், நெத்தி முழுக்க வேர்வை, கேட்ட கேள்விக்குப் பதில் ஒழுங்கா வரல்ல. பக்கத்து வீட்டுச் சாச்சியிட்ட இருந்து சீனி பாக்கிற மெஷின வாங்கி வந்து விரலில குத்திப் பாத்தா 52. சீனித் தண்ணி கரைச்சுக் குடுத்தம். அரை மணித்தியாலத்தால தெளிஞ்சு எழும்பி இருந்து உம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன் மகன் என்ட நோன்ப முறிச்சீங்க?"

உம்மாவுக்குப் பத்து வருசமா சீனி வருத்தம். ரெண்டு வகைக் குளிசை. ஒரு கவரில "சாப்பாட்டுக்குப் பின்" என்று இருக்கும், மற்றதில "சாப்பாட்டுக்கு முன்". ரெண்டிலயும் காலை, இரவு. நோன்பு காலத்தில காலை என்று ஒன்று இல்லை. அதை எப்படி மாத்துவது என்று கேட்க கிளினிக் நாள் வரவில்லை, வந்த அன்றும் வரிசையில நின்று உள்ளே போனால் பேச ரெண்டு நிமிசம்தான். அதனால தம்பி போனில ஒரு செயலியிடம் கேட்டான். அது நல்ல தமிழில, மரியாதையா, தயங்காமல் சொன்னது: காலை மருந்தை ஸஹருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உம்மாவும் மாத்தினா. ஸஹருக்கு அரைக் கோப்பை சோறு, முழு அளவுக் குளிசை. மிச்சத்தை மேலே எழுதிவிட்டேன்.

இதுக்கு ரெண்டு மாதம் கழித்து எங்கட ஊரில உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. பேச வந்தவர் அழகாகப் பேசினார். இனி மருந்துக்கு ஆய்வுகூடம் தேவைப்படாது, எலி தேவைப்படாது, மனிதரில பரிசோதிக்கவும் தேவைப்படாது, ஒரு மருந்து உங்கட உடம்புக்குள்ள போய் என்ன செய்யும் என்பதை வாயில போட முன்னமே கணினி சொல்லிவிடும் என்றார். கைதட்டல். நான் எழும்பி உம்மாவின்ட கதையைச் சொல்லி, "உங்கட கணினி இதுக்கு என்ன சொல்லும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அது சமய விசயம் தம்பி, அதை டொக்டரிட்டத்தான் கேக்கணும்" என்றார்.

சமய விசயமாம். வயிற்றில உணவு இருக்கிறதா இல்லையா என்பது சமய விசயமா? பதினாலு மணித்தியாலம் தண்ணி குடிக்காத சிறுநீரகம் சமய விசயமா? அன்றைக்கு அங்கே சொல்ல முடியாமல் போன பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினிக்கு எதிரி இல்லை. தம்பி கேட்ட போன் செயலியும் மருந்தியல் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கணினி மாதிரியும் ஒன்று இல்லை என்பதும் தெரியும். ஒன்று வாக்கியம் கோர்க்கும் இயந்திரம், மற்றது சமன்பாடுகளால் ஆன கணக்கு. ஆனால் கருத்தரங்கு மேடைகளில ரெண்டையும் "ஏஐ" என்ற ஒரே சட்டைக்குள்ள போட்டு விற்கிறார்கள். அதனால அந்தக் கணக்கு உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்று முதலில பார்ப்போம்.

மாதிரி என்றால் என்ன

ஒரு குளிசையை விழுங்கினால் உடம்புக்குள்ள நாலு விசயம் நடக்கிறது. குடல் அதை அகத்துறிஞ்சுகிறது. இரத்தம் அதை உடம்பெங்கும் கொண்டுபோகிறது. ஈரலில உள்ள நொதியங்கள் அதை வேறொன்றாக மாற்றுகின்றன. சிறுநீரகமும் மற்ற வழிகளும் அதை வெளியேற்றுகின்றன. கணினி மாதிரி என்பது இந்த நாலையும் சமன்பாடுகளாக எழுதுவது. குடல் ஒரு பெட்டி, ஈரல் ஒரு பெட்டி, சிறுநீரகம் ஒரு பெட்டி, கொழுப்பு ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் போகிறது, அதில எவ்வளவு மருந்து தங்குகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று கணக்கு. சுவீடனின் உப்சாலாவில் டோர்ஸ்டன் டியோரெல் என்பவர் 1937-இலேயே இந்தச் சமன்பாடுகளை எழுதிவிட்டார். அன்றைக்குக் கையால போட்டு முடிக்க ஏலாத கணக்கை இன்றைக்கு லெப்டொப் சில வினாடியில போடுகிறது.

எங்கட ஆட்களுக்கு இது புதுசு இல்லை. மகாவலி கொட்டியாரக்குடாவில வந்து விழுகிற இடத்தில வாழ்கிறோம். மேலே எவ்வளவு மழை, எந்தக் குளம் வான் பாயுது, எந்தக் கதவு திறந்திருக்கு என்று கேட்டு, நாளைக்கு நம்ம வயலில எவ்வளவு தண்ணி நிற்கும் என்று வயசாளிகள் கணக்குச் சொல்வார்கள். அதுவும் மாதிரிதான். ஆனால் தேம்ஸ் ஆற்றின்ட மழையையும் அகலத்தையும் வைத்து மகாவலி வெள்ளத்தைச் சொல்லு என்றால் அந்த வயசாளி என்ன செய்வார்? சிரிப்பார். சமன்பாடு சரியாகத்தான் இருக்கும், போட்ட எண்கள் வேறு ஆற்றுடையவை.

மருந்து மாதிரியிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பெட்டிகளுக்குள்ள போட்ட எண்கள் யாருடைய உடம்பில் அளந்தவை?

எழுபது கிலோ மனிதர்

கதிரியக்கப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1975-இல் "நியம மனிதர்" ஒருவரை வரையறுத்து அறிக்கை வெளியிட்டது. வயது 20-க்கும் 30-க்கும் இடையில், எடை 70 கிலோ, உயரம் 170 சென்டிமீற்றர். வெள்ளை இனத்தவர். மேற்கு ஐரோப்பிய அல்லது வட அமெரிக்கப் பழக்கவழக்கம். அவர் வாழும் இடத்தின் சராசரி வெப்பநிலை 10 முதல் 20 பாகை. கதிர்வீச்சுக் கணக்குக்காக அவரை உருவாக்கினார்கள். அப்படிப்பட்ட நியம உடலின் ஈரல் எடையும் இரத்த ஓட்டமும்தான் பிறகு மருந்து மாதிரிகளுக்கும் அடித்தளமாகின. இங்கிலாந்தின் ஷெபீல்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பிறந்த சிம்சிப் என்ற மென்பொருள் இன்று மருந்துக் கம்பனிகளிடையே மிகப் பிரபலம். அதன் வழமையான கற்பனை மக்கள் தொகையும் வட ஐரோப்பிய வெள்ளையர்தான். வேறு மக்கள் தொகைகளையும் பிறகு சேர்த்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் தொடங்கிய இடம் அது.

கிண்ணியாவில 20 பாகைக்குக் கீழே எந்த நாள் போனது? எங்கட உம்மாமார் எத்தனை பேர் 70 கிலோ எடையும் 170 சென்டிமீற்றர் உயரமுமா இருக்கிறார்கள்?

இதைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது. குளிசைக் கவரில "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதுகிறார்களே, அந்தச் சாப்பாடு எது? உணவு ஒரு மருந்தின் உறிஞ்சலை எப்படி மாற்றும் என்று சோதிக்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பரிசோதனைச் சாப்பாடு 800 முதல் 1000 கலோரி இருக்க வேண்டும், அதில் பாதிக்குக் கிட்டக் கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்றது. உதாரணமும் கொடுத்தது: பட்டரில பொரித்த ரெண்டு முட்டை, ரெண்டு துண்டு பேக்கன், பட்டர் பூசிய ரெண்டு துண்டு டோஸ்ட், பொரித்த உருளைக்கிழங்கு, ஒரு கிளாஸ் முழு ஆடைப் பால்.

பேக்கன். பன்றி இறைச்சி. உம்மாவிட்டச் சொன்னேன், "அஸ்தஃபிருல்லாஹ்" என்று காதைப் பொத்திக்கொண்டா.

இதில சதி ஒன்றும் இல்லை. கொழுப்பு கூடிய சாப்பாடு குடலை ஆக அதிகமாக மாற்றும், அந்த உச்ச நிலையில மருந்து எப்படி நடக்கிறது என்று பார்த்தால் மற்ற நிலைகளைப் பற்றி ஓரளவு துணிந்து சொல்லலாம் என்பதுதான் அதன் நியாயம். பொருத்தமான வேறு சாப்பாட்டையும் கொடுக்கலாம். அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். ஆனால் "வெறும் வயிறு", "நிறைந்த வயிறு" என்று மாதிரிக்குத் தெரிகிற ரெண்டு நிலைகளும் இப்படிப்பட்ட பரிசோதனைகளிலிருந்து வந்தவை. அங்கே வெறும் வயிறு என்பது ஒரு இரவு பட்டினி கிடந்து, காலையில ஒரு கிளாஸ் தண்ணியோட குளிசை விழுங்குவது. எங்கட ரமழான் வெறும் வயிற்றில தண்ணியும் இல்லை. எங்கட நிறைந்த வயிறு பேரீச்சம்பழம், கஞ்சி, சமோசா, ரோல்ஸ், சர்பத், பிறகு தராவீஹ் முடிந்து சோறு. ஒரு நாள் சாப்பாட்டில பெரும்பகுதி மூன்று நாலு மணித்தியாலத்துக்குள்ள உள்ளே போகிறது. இது மூன்றாவது நிலை. இது உலகில் கோடிக்கணக்கானோர் வருசத்தில ஒரு மாதம் வாழும் நிலை.

இது கற்பனைப் பயம் இல்லை

"சின்ன வித்தியாசத்தைப் பெரிசு படுத்துறீங்க, மனுச உடம்பு எங்கேயும் மனுச உடம்புதானே" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. மற்றப் பாதிக்கு ரெண்டு உதாரணம்.

கொலஸ்ட்ரோலுக்குக் கொடுக்கும் ரோசுவஸ்டட்டின். எங்கட பாமசிகளில தினமும் விற்கிற குளிசை. ஒரே அளவைக் கொடுத்தால் ஆசிய வம்சாவளியினரின் இரத்தத்தில் வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மருந்து சேர்கிறது என்று தெரிந்தபின், 2005-இல் அமெரிக்காவில் அதன் விவரக்குறிப்பை மாற்றினார்கள். ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில தொடங்குங்கள் என்றார்கள். மருந்து சந்தைக்கு வந்தது 2003-இல்.

மற்றது குளோபிடோகிரல், மாரடைப்பு வந்தவர்களுக்கு இரத்தம் கட்டியாகாமல் கொடுப்பது. இது விழுங்கும்போது வேலை செய்யாத மருந்து. ஈரலில ஒரு நொதியம் அதை மாற்றினால்தான் வேலை செய்யும். அந்த நொதியம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அந்தக் குளிசையால கிடைக்கும் பாதுகாப்பு குறையும். பிரித்தானியாவில் வாழும் வங்காளதேச, பாகிஸ்தானிய வம்சாவளியினரின் பரம்பரை அலகுகளைப் பார்த்து 2023-இல் வெளியான ஆய்வில் 57 வீதமானவர்களுக்கு அந்த நொதியம் முழு வலுவில் இல்லை என்று தெரிந்தது. பாதிக்கு மேல். ஹவாய் மாநிலத்திலும் ஆசிய, பசுபிக் தீவு மக்களுக்கு இந்த மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதைப் போதியளவு எச்சரிக்கவில்லை என்று மாநில அரசே மருந்துக் கம்பனிகள் மேல் வழக்குப் போட்டது. 2024 மே மாதம் நீதிமன்றம் 916 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. கம்பனிகள் தீர்ப்பை ஏற்கவில்லை, மேன்முறையீடு என்றன. யார் சரி என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது வேறு: அங்கே கேள்வி கேட்க ஒரு அரசு இருந்தது.

எங்கட பக்கத்துக்கு வருவோம். 2017 மார்ச்சில கிண்ணியாவில டெங்கு பரவிய நாட்கள் யாருக்கும் மறக்காது. பாடசாலைகளைக்கூட சில நாள் மூடினார்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சல். "பரசிட்டமோல் மட்டும் குடுங்க, வேற வலிக் குளிசை வேணாம்" என்று எல்லாரும் சொன்னார்கள், அது சரியான அறிவுரை. ஆனால் பரசிட்டமோலைக் கையாள்வது ஈரல். டெங்கு தாக்குகிற உறுப்புகளில் ஒன்றும் ஈரல். ஆரோக்கியமான இளைஞர்களின் ஈரலில் அளந்த எண்ணை வைத்து டெங்குக்காரரின் ஈரலைக் கணிக்க ஏலாது. அந்த வருசம் நாடு முழுக்க 186,000-க்கு மேற்பட்ட நோயாளிகள். அவ்வளவு பெரிய துயரத்திலிருந்து எங்கட ஊருக்கு ஞாபகம் மிஞ்சியது மையித்துக் கணக்கு மட்டும்தான்.

ரமழானை அளந்தவர்கள்

நோன்பும் மருந்தும் சமய விசயம் என்று சிரித்த அந்தப் பேச்சாளருக்கு ஒரு தகவல். 2001-இல் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளை வைத்து ரமழான் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. எபிடியார் என்று பெயர். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் 79 வீதமானோர் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்தார்கள். சீனி கடுமையாக இறங்கிப்போகும் சம்பவங்கள் அவர்களில் மற்ற மாதங்களைவிட 7.5 மடங்கு கூடின. அந்த 13 நாடுகளில் இந்தியா இருந்தது, வங்காளதேசம், பாகிஸ்தான் இருந்தன. இலங்கை இருக்கவில்லை.

இந்த மாதிரி அளவீடுகளை வைத்துத்தான் சர்வதேச நீரிழிவு சம்மேளனமும் ரமழான் கூட்டமைப்பும் 2016-இலும் பிறகு 2021-இலும் வழிகாட்டி வெளியிட்டன. உம்மா குடிக்கிற வகைக் குளிசை பற்றி அதில தெளிவா இருக்கு. ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் நோன்பு திறக்கும்போது எடுங்கள். ரெண்டுமுறை என்றால் நோன்பு திறக்கும் அளவை வைத்துக்கொண்டு ஸஹர் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் முடிவெடுக்கட்டும். தம்பியின்ட செயலி சொன்னது "காலையை ஸஹருக்கு மாற்று". உம்மா விழுந்தது அந்த இடைவெளியிலதான்.

இப்போ கணினி மாதிரிக்கு வாங்க. இந்த இடத்தில அது உண்மையிலேயே உதவும். சாப்பாட்டு நேரத்தை மாற்றி, மருந்து நேரத்தை மாற்றி, ஸஹரைக் குறைத்து, தண்ணி இல்லாத பகலைப் போட்டு, ஆயிரம் கற்பனை நோயாளிகளில ஒரு பின்னேரத்துக்குள்ள ஓட்டிப் பார்க்கலாம். ஒரு உம்மாவையும் மயக்கம் போட வைக்காமல் எந்த வழி ஆபத்து என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். மெட்போமின் ஈரலில மாறாமல் அப்படியே சிறுநீரகத்தால வெளியேறும் மருந்து. அப்போ சிறுநீரகம் பழுதானவருக்கு அது எவ்வளவு தேங்கும் என்று கணக்கிடலாம். எங்கட மாவட்டத்திலேயே பதவி சிறிபுர பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிற நிலையில இது சின்ன விசயமா?

ஆனால் அந்த ஆயிரம் கற்பனை நோயாளிகளையும் உருவாக்க சில நூறு நிஜ மனிதர்களின் அளவுகள் வேண்டும். எங்கட பெண்களின் எடை, சிறுநீரக வேலை, நோன்பு நாளின் பின்னேரச் சீனி, ஸஹருக்குச் சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு. இதைக் கணினி கண்டுபிடிக்காது. யாராவது கையில கொப்பியோட உட்கார்ந்து அளக்க வேண்டும்.

எங்களால ஏலாது என்பது பொய்

"இலங்கையில இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பவர்களுக்கு: நடந்திருக்கு. பாம்புக்கடியை எடுங்க. ஊர் ஊராக வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில வருசத்துக்கு 80,000 பேருக்கு மேல் பாம்பு கடிக்கிறது, 400 பேருக்கு மேல் சாகிறார்கள். கடிபட்டவருக்குப் போடும் விஷமுறி ஊசி இந்தியாவிலிருந்து வருகிறது. அது உடம்புக்குள்ள எவ்வளவு நேரம் நிற்கிறது, விஷம் திரும்பத் தலைதூக்க முன் தீர்ந்துவிடுமா? இலங்கை ஆய்வாளர்களும் அவுஸ்திரேலியர்களும் சேர்ந்து, கண்ணாடி விரியன் கடித்த 75 இலங்கை நோயாளிகளின் இரத்தத்தை நேரத்துக்கு நேரம் எடுத்து, அதைக் கணினி மாதிரியில போட்டார்கள். 2015-இல் வெளியிட்டார்கள். மருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது, அது பாதியாகக் குறைய 140 மணித்தியாலம் அளவில், அதாவது கிட்டத்தட்ட ஆறு நாள் எடுக்கும் என்று தெரிந்தது.

75 பேர். 75 ஆயிரம் இல்லை. வயலுக்குப் போன, விறகுக்குப் போன சாதாரண சனம். அவர்கள் கொடுத்த இரத்தத்தில இருந்து வந்த கணக்கு இன்றைக்கு உலகத்தில விஷமுறி பற்றிப் பேசுகிற யாருக்கும் உதவுகிறது. மாதிரிக்குப் பெறுமதி வந்தது கணினியால இல்லை, அந்த 75 கைகளால.

அமெரிக்கா விலங்குப் பரிசோதனையைக் குறைக்கப் போகிறதே என்று கேட்கலாம். உண்மை. 2022 டிசம்பரில் அங்கே சட்டம் மாறியது. 2025 ஏப்ரலில் சில வகை மருந்துகளுக்கு விலங்குச் சோதனைக்குப் பதில் கணினி மாதிரிகளையும் ஆய்வுகூடத்தில் வளர்த்த மனித உயிரணுக்களையும் பயன்படுத்தும் திட்டத்தை அறிவித்தார்கள். எலிகளுக்கு நல்லது. ஆனால் அவர்களிடம் பல பத்தாண்டுகள் சேர்த்த மனித அளவீடுகள் குவிந்து கிடக்கின்றன. மாதிரி அந்தக் குவியல் மேல் நிற்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது? 2021-இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் சேமிப்பிலிருந்து அழிந்துபோய் நாடே சர்ச்சையில நின்றதே, அது எங்கட கதை. மருந்துப் பதிவுக் கோப்பையே காப்பாற்ற ஏலாமல் போன நாட்டில வந்து, "இனி மனிதரை அளக்கத் தேவையில்லை" என்று மேடையில சொல்வது அறியாமை. கைதட்டியது எங்கட பிழை.

இன்னொரு பயமும் நியாயமானது. "அளக்கிறோம் என்று வந்து எங்கட சனத்தைச் சோதனை எலி ஆக்குவாங்க." ஏழை நாடுகளில் அப்படி நடந்த வரலாறு இருக்கு, அதனால் விளங்கிச் சம்மதித்தல், நெறிமுறைக் குழு, எடுத்த தரவு யாருக்குச் சொந்தம் என்பது எல்லாவற்றையும் கறாராகக் கேட்க வேண்டும். ஆனால் அளக்காமல் விடுவதும் சோதனைதான். ஒவ்வொரு ரமழானிலும் எங்கட உம்மாமார் ஆய்வாளர் இல்லாத, பதிவு இல்லாத, முடிவு எழுதப்படாத ஒரு பரிசோதனையில இருக்கிறார்கள். அதில சம்மதம் கேட்டது யார்?

அப்போ என்ன செய்யலாம்

திருகோணமலை வளாகத்தில கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். அதே வளாகத்தில சித்த மருத்துவமும் படிப்பிக்கிறார்கள். எங்கட சனம் கிளினிக் குளிசையோட வெந்தயமும் பாகற்காய்ச் சாறும் சேர்த்துத்தான் குடிக்கிறது, டொக்டரிட்டச் சொல்வதில்லை. ரெண்டு பகுதி மாணவர்களும் ஒரே கன்டீனில தேத்தண்ணி குடிக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒரு இறுதியாண்டு ஆய்வாகவாவது சேர்ந்து எடுக்க என்ன தடை?

மென்பொருளுக்குக் காசு இல்லை என்பதும் சாட்டு இல்லை. பிகே-சிம் என்ற மாதிரி மென்பொருள் 2017-இலிருந்து திறந்த மூலமாக, இலவசமாகக் கிடைக்கிறது. உயர்தரத்தில உயிரியலும் கணிதமும் படித்த பிள்ளை ஒரு லெப்டொப்பும் பொறுமையும் இருந்தால் கற்கலாம். கற்றபின் செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு: அதை வைத்து வீட்டாருக்கு மருந்து அளவு சொல்லப் போகாதீங்க. அது ஆய்வுக் கருவி. அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரமழானுக்கு முன் கஞ்சிக்கு அரிசி சேர்க்கிற மாதிரி, ரஜப் மாதத்தில ஒரு நாள் மருத்துவரையும் தாதியையும் கூப்பிட்டு, நோன்பு பிடிக்க நினைக்கிற சீனி வருத்தக்காரரை உட்கார வையுங்க. ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னமே மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் வழிகாட்டி சொல்கிறது. சீனி 70-க்குக் கீழே போனால் அல்லது 300-க்கு மேலே ஏறினால் நோன்பை விட வேண்டும் என்றும் சொல்கிறது. விரலில குத்திச் சீனி பார்ப்பதால நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து, அதை மிம்பரில நின்று சத்தமாகச் சொல்லுங்க. அந்த ஒரு வசனம் தெரியாததால மெஷின் இருந்தும் குத்திப் பார்க்காத வீடுகள் இருக்கு. எங்கட வீடும் அதில ஒன்றாக இருந்தது.

அன்றைக்கு வருகிறவர்கள் விருப்பப்பட்டால் அவர்களின் எடை, சிறுநீரக அறிக்கை, குளிசை வகை, நோன்பு நாளில சீனி எண் ஆகியவற்றைப் பெயர் இல்லாமல் ஒரு கொப்பியில எழுதலாம். நெறிமுறைக் குழு அனுமதியோடு, பல்கலைக்கழக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு. அந்தக் கொப்பி ஐந்து ரமழான் சேர்ந்தால், கிண்ணியாவைப் பற்றி எந்தக் கணினிக்கும் தெரியாத ஒன்று அதில இருக்கும்.

கருத்தரங்குக்கு அடுத்த முறை யாராவது வந்து கணினி எல்லாம் சொல்லும் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: யாரை அளந்து வைத்துச் சொல்கிறது? பதில் வந்தால் கைதட்டுங்க.

உம்மா இந்த வருசமும் நோன்பு பிடிக்கப் போறாவாம். இந்த முறை முன்னமே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றி, கவரில பேனையால எழுதிக் குடுத்திருக்கிறார். "காலை" என்று அச்சடித்த இடத்தில கோடு போட்டு, மேலே "நோன்பு திறக்கும்போது" என்று.